கார் ஸ்டீரியோவில் எம்பி3 வட்டு: கோப்புப் பெயர்கள் வகுத்த ஒழுங்கு

காரில் எம்பி3 சிடி ஓடிய காலத்தை எழுதுகிறவர்கள் அதை ஒலிச்சுருக்கத்தின் வெற்றியாகவே எழுதுகிறார்கள். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் நிறுவனமும், அங்கு பணியாற்றிய கார்ல்ஹைன்ட்ஸ் பிராண்டன்பர்க் முதலிய ஆய்வாளர்களும் அந்தப் பெருமைக்கு உரியவர்களே. ஆயினும் பாட்டு வட்டுகளைத் தயாரித்தவர்களின் பழக்கவழக்கங்களை ஆராய்ந்தால், ஒலிச்சுருக்கத்தைவிட ஐஎஸ்ஓ 9660 என்ற கோப்பு முறைமையின் கைவண்ணமே அதிகம் தெரிகிறது. கணினித் தரவுக்காக 1988இல் வந்த தரம் அது. காரையோ பாட்டையோ மனத்தில் வைத்து யாரும் அதை வகுக்கவில்லை.

1982 அக்டோபரில் ஜப்பானில் குறுவட்டு விற்பனைக்கு வந்தது. 1984இல் பயோனியர் நிறுவனம் காரில் பொருத்தும் சிடி பிளேயரை வெளியிட்டது. அந்த ஒலிவட்டில் கோப்பும் இல்லை, பெயரும் இல்லை. வட்டின் தொடக்கத்திலுள்ள பட்டியலைப் படித்து, பாட்டு எண்ணைப் பிடித்தால் போதும். கேட்பவர் தயாரிக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

1990களின் பிற்பகுதியில் சிடி ரைட்டர் வீட்டுக் கணினிகளில் பரவியபோது நிலைமை மாறியது. ஒலிவட்டு நொடிக்கு 1,411 கிலோபிட் கேட்கிறது. 128 கிலோபிட் எம்பி3க்கு அதில் 11இல் ஒரு பங்கு போதும். 80 நிமிடப் பாட்டு கொண்ட வட்டில், இப்போது 12 மணி நேரத்துக்கு மேல் அடங்கியது. 2000ஆம் ஆண்டை ஒட்டி எம்பி3 படிக்கும் கார் ஸ்டீரியோக்களும் கடைக்கு வந்தன.

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. ஐஎஸ்ஓ 9660இன் முதல் நிலை, கோப்புப் பெயருக்கு 8 எழுத்தும் வகைக்குறிக்கு 3 எழுத்தும் மட்டுமே அனுமதித்தது. அவையும் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றுக்குள் அடங்க வேண்டும். கோப்புறைக்குள் கோப்புறையாக 8 அடுக்குக்கு மேல் போகக் கூடாது. கோப்புகளின் பதிவுகள் பெயர் வரிசையில் அடுக்கப்பட வேண்டும் என்பதும் அதன் விதி. சின்னஞ்சிறு செயலி கொண்ட கார் ஸ்டீரியோக்களில் பல, அந்த வரிசையை அப்படியே பின்பற்றின. 12 பாட்டுகளுக்கு 1 முதல் 12 வரை பெயரிட்டு வட்டு எழுதினால், முதல் பாட்டு முடிந்ததும் பத்தாவது ஒலிக்கும்; பிறகு 11, 12; அதன் பின்னரே இரண்டாவது. எழுத்து எழுத்தாக ஒப்பிடும்போது 2க்கு முன் 10 வந்துவிடுகிறது. 01, 02 என்றும், நூறைத் தாண்டினால் 001 என்றும் முன்னெண் இடும் வழக்கம் இதனால் வேரூன்றியது. கணினி அறியாதவர்கள்கூட இதைப் பழகிக்கொண்டது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

1995இல் மைக்ரோசாஃப்டின் ஜோலியட் நீட்டிப்பு 64 எழுத்துப் பெயர்களையும் யூனிகோடையும் வட்டுக்குக் கொண்டுவந்தது. தமிழில் பெயர் எழுத வழி பிறந்தும், ஸ்டீரியோக்களின் சிறிய திரைகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளை மட்டுமே காட்டின. 1996இல் அறிமுகமான ஐடி3 குறிப்பிலோ, கோப்பின் கடைசி 128 பைட்டுக்குள் பாட்டு, பாடகர், ஆல்பம் ஒவ்வொன்றுக்கும் 30 எழுத்து இடமே இருந்தது. தமிழ்ப் பாட்டின் பெயர் ஆங்கில எழுத்தில், அவரவர் உச்சரிப்புப்படி எழுதப்பட்டது இப்படித்தான். தமிழ்நாட்டில் விற்ற எம்பி3 சிடிகளிலும், வீட்டில் எழுதியவற்றிலும் படத்துக்கு ஒரு கோப்புறை என்ற அமைப்பைப் பரவலாகக் காணலாம். ஸ்டீரியோவின் கோப்புறைப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அடுத்த படத்துக்குப் போய்விடலாம்.

மற்ற விதிகள் வட்டின் தன்மையால் வந்தவை. திரும்ப எழுதும் வட்டு, தன் மேல் விழும் ஒளியில் 15 முதல் 25 விழுக்காட்டையே திருப்பி அனுப்பும். அச்சிட்ட ஒலிவட்டில் அது 70 விழுக்காடு. பழைய பிளேயர்கள் திரும்ப எழுதும் வட்டைப் படிக்கத் திணறியதால் ஒருமுறை எழுதும் வட்டே பாதுகாப்பானது என்றானது. எழுதி முடித்த வட்டை ‘ஃபைனலைஸ்’ செய்து மூடாவிட்டால் பல ஸ்டீரியோக்கள் அதை ஏற்கவில்லை. காகித லேபிள் ஒட்டிய வட்டு, வெயிலில் சூடேறி உரிந்து உள்ளே சிக்கியது.

பின்னர் பென் டிரைவ் வந்தது. அதில் பயன்பட்ட ஃபேட் கோப்பு முறைமை பெயர் வரிசையைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே சில ஸ்டீரியோக்கள் நகலெடுத்த வரிசையிலேயே பாடின. முன்னெண் இடும் வழக்கம் மட்டும் தொடர்ந்தது.

ஒருமுறை எழுதும் வட்டின் சாயப்படலம் வெப்பத்தாலும் வெயிலாலும் கெடும். அதிலுள்ள பாட்டுகள் வேறு எங்காவது கிடைக்கலாம். ஆனால் ஒருவர் வகுத்த வரிசையும், கோப்புறை அமைப்பும், அவர் எழுதிய பெயர்களும் அந்த வட்டில் மட்டுமே உள்ளன. பழைய எம்பி3 வட்டு வைத்திருப்பவர்கள் பாட்டுகளை மட்டும் உருவி எடுக்காமல், முழு வட்டையும் ஐஎஸ்ஓ படிமமாகச் சேமித்து வையுங்கள். அது படிக்க முடிகிற நிலையில் இருக்கும்போதே செய்யுங்கள்.