சுவரில் மாட்டிய கால்

குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் நான் வளர்ந்தேன். லயத்தின் கடைசி வீட்டு மாமாவுக்கு ஒரு முழங்காலுக்குக் கீழே எதுவும் கிடையாது. ஷூ போட்ட செயற்கைக் கால் ஒன்று அவர் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும். அவர் ஊன்றுகோலில்தான் வருவார். கேட்டால், "அது சிமெண்ட் தரைக்குச் செஞ்சது தம்பி, காட்டுக்கு ஆகாது" என்பார். பழகிக்க சோம்பேறித்தனம்னு அப்போ நினைச்சேன்.

சமீபத்தில் ஜெய்ப்பூர் கால் பற்றிப் படித்தபோது அவர் நினைவு வந்தது. 1950களில் அமெரிக்காவின் பெர்க்லியில் உருவான 'சாச்' பாதத்தில் கணுக்கால் அசையாது; ரப்பர் குதிகால் மட்டும் அமுங்கும். ஷூவுக்குள், சமதரையில் நடக்க நல்ல பாதம். ஜெய்ப்பூர் எஸ்.எம்.எஸ். மருத்துவமனையின் டாக்டர் பி.கே. சேத்தி, கால் வாங்கிப் போனவர்கள் அதை ஓரமாக வைத்துவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்புவதைக் கவனித்தார். குத்த வைக்க முடியவில்லை, சம்மணம் போட முடியவில்லை, வெறுங்காலோடு வயலில் இறங்க முடியவில்லை. எங்கள் மென்பொருள் தொழிலில் இதுக்கு 'ரெக்வயர்மென்ட்' தப்புன்னு பேர்! சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் சேர்ந்து 1968 வாக்கில் எல்லாப் பக்கமும் வளையும் ரப்பர் பாதத்தைக் கொண்டுவந்தார்கள். திருச்சி அருகே 1981 விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன், 1984இல் மீண்டும் மேடையில் ஆடியது இந்தக் காலோடுதான்.

ஆனால் பாதம் கடைசி விஷயம். அளவெடுக்கும் முன் பார்க்க வேண்டியது நிறைய. மீதிக் காலின் நீளம், தழும்பு, உணர்ச்சி, வீக்கம் வடிந்ததா, அடுத்த கால் தாங்குமா, சர்க்கரை உண்டா... எடை முழுக்க வெட்டின நுனியில் இறங்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. முழங்காலுக்குக் கீழான காலில் முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணும் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது.

மலைக்காரருக்கு இன்னொன்றும் முக்கியம். கணுக்கால் மடங்காவிட்டால், ஏறும்போது முட்டி பின்னால் தள்ளப்படும். இறங்கும்போது முன்னால் மடங்கப் பார்க்கும். அப்போது பிடித்து நிறுத்துவது தொடைத் தசைதான். அதனால் தொடை பலத்தையும், முட்டி முழுசாக நீள்கிறதா என்பதையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். வலிக்கு இதமாக இருக்கிறதென்று மாதக்கணக்கில் அடியில் தலையணை வைத்தால் முட்டி மடங்கியபடியே இறுகிப்போகும்.

மாமாவின் கட்டிலில், கால் வைக்கும் இடத்தில், எப்போதும் ஒரு தலையணை இருந்தது.