சீவல் ஐஸ்: கோலாவும் பிங்சுவும்

ஐஸ் கட்டியைக் கூரிய தகட்டில் இழைத்து, அந்தத் துருவலின் மேல் பாகோ பாலோ ஊற்றி, உருகுவதற்குள் உண்ணும் குளிர் இனிப்பு சீவல் ஐஸ். சென்னைத் தெருக்களில் இது குச்சியில் செருகிய கோலாவாக விற்கிறது. இதன் கொரிய வகையான பிங்சு, அண்மைக் காலத்தில் நகரத்துக்கு அறிமுகமானது.

சென்னைக்கு ஐஸ் முதலில் கடல் கடந்து வந்தது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டூடர் 1833-இல் ‘டஸ்கனி’ கப்பலில் ஏறத்தாழ 180 டன் ஐஸைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்தில் கரைந்தது போக 100 டன் அளவுக்குக் கரை சேர்ந்தது. மாசசூசெட்ஸ் ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும், குதிரை இழுக்கும் கத்தியால் ஐஸைச் சதுரம் சதுரமாக அறுத்து மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினர். அறுவை ஆலைகள் அதுவரை கழிவென ஒதுக்கிய மரத்தூளுக்கும் இதனால் விலை கிடைத்தது. சென்னைக்கும் இவ்வாறு வந்த ஐஸைச் சேமிக்கும் கிடங்கான கடற்கரை ஐஸ் ஹவுஸ் 1842-இல் எழுந்தது என்பது பொதுவான கருத்து. துறைமுகம் இல்லாத காலம் என்பதால், கப்பலில் வந்த சரக்கு மசூலாப் படகுகளில் அலை தாண்டித்தான் கரைக்கு வர வேண்டும். வங்கக்கடல் வெயிலில் மாசசூசெட்ஸ் ஏரியின் துண்டு படகேறி வந்தது அக்கால வணிகத்தின் விந்தைகளில் ஒன்று. நீராவியால் ஐஸ் செய்யும் முறை வந்து, 1874-இல் சென்னையிலேயே இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி தொடங்கியதும் இறக்குமதி நொடித்தது. ஐஸ் ஹவுஸ் கட்டடம் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் கைக்கு மாறியது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். 1963-இல் அது விவேகானந்தர் இல்லமானது. ஆனாலும் வட்டாரத்தின் பெயர் இன்றும் ஐஸ் ஹவுஸ்தான்.

கப்பல் ஐஸ் பெரும்பாலும் வெள்ளையர் வீடுகளுக்கும் வசதி படைத்தோருக்கும் போனது. தெருவோரச் சீவல் ஐஸ், ஆலைகளின் பார் ஐஸ் மலிவான பிறகே பரவியிருக்க வேண்டும். கோலா வண்டியில் இழைப்புளியைக் கவிழ்த்தாற்போல் பலகையில் தகடு பதித்திருக்கும். வியாபாரி சாக்குத் துணியால் கட்டியைப் பிடித்து முன்னும் பின்னும் தேய்ப்பார். அடியில் விழும் துருவலை உள்ளங்கையில் அழுத்திக் குச்சியில் உருட்டி, சிவப்பு, மஞ்சள், பச்சைப் பாகுகளைப் புட்டியிலிருந்து தெளிப்பார். சிறுவர்கள் பாகை உறிஞ்சிவிட்டு, வெறும் ஐஸை நீட்டி மறுபடி பாகு கேட்பது வழக்கம். மலேசியா, சிங்கப்பூர் தமிழர்களுக்கு இதே இனத்தில் ஐஸ் கச்சாங் பழக்கமானது.

கொரியாவில் ஐஸைச் சேமிக்கும் வழக்கம் மிகப் பழையது. பண்டைய சில்லா அரசின் மன்னர் ஜிஜுங் 505-இல் ஐஸ் சேமிக்க ஆணையிட்டதாக ‘சம்குக் சாகி’ என்ற வரலாற்று நூல் கூறுகிறது. சோசொன் அரசின் காலத்தில் ஹான் ஆற்றில் வெட்டிய ஐஸைத் தலைநகரின் மேற்கு, கிழக்குக் கிடங்குகளில் வைத்து, கோடையில் அதிகாரிகளுக்குப் பங்கிட்டனர். அவர்கள் அதைப் பழத்துடன் உண்டதே பிங்சுவின் தொடக்கம் என்பர் சிலர். ஜப்பானிய ஆட்சியில் (1910–1945) வந்த ஜப்பானியச் சீவல் ஐஸான காக்கிகோரியே மூலம் என்பர் வேறு சிலர். இரண்டும் கலந்திருக்கவும் கூடும். வேகவைத்து இனிப்பூட்டிய சிவப்புப் பயறு இட்டது பாத்பிங்சு. அந்தப் பயறு நம் உளுந்துக்கும் காராமணிக்கும் தாவர உறவு. பின்னர் சுண்டிய இனிப்புப் பால், அரிசிக் கொழுக்கட்டைத் துண்டுகள், பழம் என மேலே குவிவன பெருகின. கிண்ணம் பெரிது, இருவர் மூவர் பகிர்ந்துண்பது அங்கே இயல்பு. கலந்து உண்பதா, அடுக்கு கலையாமல் உண்பதா என்பதில் கொரியர்களே ஒத்துப்போவதில்லை. சைவ உணவுப் பயணிகள் மேலே இடும் ஜெல்லியில் ஜெலட்டின் உண்டா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

பூந்தமல்லிக்கு மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதையொட்டிக் கொரியக் குடும்பங்கள் வந்தன. ஸ்ரீபெரும்புதூரிலும் சென்னையிலும் கொரிய உணவகங்கள் திறந்தன. கொரியத் தொடர்கள் பரவிய பிறகு நகரத்துக் கஃபேக்களிலும் பிங்சு கிடைக்கிறது. ஆனால் புறநகரான அம்பத்தூர், ஆவடிப் பக்கம் கோடை என்றால் பெரும்பாலும் கோலாவும் குல்ஃபியும்தான். புதுவகைப் பிங்சுவுக்குத் தண்ணீர் ஐஸுக்குப் பதில் பாலையே உறையவைக்கின்றனர். குளிர்ந்த உருளையின் மேல் பால் மெல்லிய படலமாக உறைய, கத்தி அதைச் சுரண்டிப் பஞ்சு போல் கிண்ணத்தில் விழச் செய்கிறது.