சுவரில் கிறுக்கியவர்கள்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, காற்று ஓயாத ஆர்க்னி தீவுகளில், சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு சில உழவர்கள் இறந்தவர்களுக்காக ஒரு வீடு கட்டினார்கள். இரும்பு கிடையாது, சாந்து கிடையாது. தட்டைக் கற்களை அடுக்கி, மேலே போகப்போக ஒவ்வொரு வரிசையையும் சற்றே உள்ளே தள்ளிக் கூரையைக் குவித்தார்கள். கல்லறை என்ற சொல்லைப் பிரித்தால் என்ன வருமோ, அதுவேதான். குனிந்து நுழையும் நடைவழியைத் தென்மேற்கே பார்த்து வைத்ததால், நடுக்குளிர்கால அந்திவெயில் பின்சுவர்வரை போனது. மேலே மண் கொட்டினார்கள். காலப்போக்கில் கட்டியவர்களை ஊர் மறந்தது. மிஞ்சியது புல் மூடிய ஒரு மேடும், உள்ளே புதையல் இருக்குமோ என்ற சந்தேகமும்தான்.

12ஆம் நூற்றாண்டில் வைக்கிங் வழிவந்த நார்ஸ்காரர்கள் அதை உடைத்துப் புகுந்தார்கள். பனிப்புயலுக்கு அங்கே ஒதுங்கிய ஒரு பிரபுவின் ஆட்களில் இருவருக்குப் பித்துப் பிடித்ததாக ஆர்க்னி பிரபுக்களைப் பற்றிய பழைய ஐஸ்லாந்துக் கதை சொல்கிறது. பித்துப் பிடிக்காதவர்கள், போகிற போக்கில் சுவரில் ஒரு வேலை செய்துவிட்டுப் போனார்கள்.

அது வெளியே தெரிய 700 ஆண்டுகள் ஆயின. பழம்பொருள் பைத்தியமான ஜேம்ஸ் ஃபாரர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், 1861 ஜூலையில் ஆட்களோடு வந்தார். உள்ளே பூதம் குடியிருப்பதாக ஊரார் சொல்லிவந்த மேடு அது. நடைவழியில் நுழையப் பார்த்தார், அடைபட்டிருந்தது. உச்சியில் தோண்டி, கூரை வழியாகவே அறைக்குள் இறங்கிவிட்டார். இன்றைய அகழாய்வாளர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். மண்ணையெல்லாம் அள்ளிய பிறகு கிடைத்தவை, மனித மண்டையோட்டின் ஒரு துண்டு, கொஞ்சம் குதிரை எலும்பு. தங்கம் குண்டுமணிகூட இல்லை. ஆனால், சுவரெல்லாம் கீறல்கள்.

அத்தனையும் நார்ஸ்காரர்களின் ரூன் எழுத்துகள். 30க்கும் மேற்பட்ட பொறிப்புகள். அறிஞர்கள் பெரும் ரகசியத்தை எதிர்பார்த்துப் படித்தால், மலைக்கோட்டைச் சுவர்களில் நம் பையன்கள் எழுதுகிற சங்கதிதான். இங்கிகெர்த் பேரழகி என்கிறார் ஒருவர். இவ்வளவு உயரத்தில் செதுக்கியது நான்தான் என்று பீற்றிக்கொள்கிறார் இன்னொருவர். மேட்டை உடைத்தது எருசலேம் யாத்திரைக்காரர்கள் என்று ஒரு கல் காட்டிக்கொடுக்கிறது. புதையலை முன்பே கொண்டுபோய்விட்டார்கள் என்கிறது மற்றொன்று. ஃபாரர் 700 ஆண்டு தாமதமாக வந்திருந்தார்.

பிரிட்டன் தன் தொல்சின்னங்களைக் காக்க 1882இல் முதல் சட்டம் போட்டபோது, பட்டியலில் இந்த மேடும் ஏறியது. 1999இல், சுற்றுப்புறத்துக் கற்காலச் சின்னங்களோடு உலகப் பாரம்பரியத் தகுதி பெற்ற மேஸ்ஹோவ் இதுதான். ஃபாரர் திறந்த ஓட்டையைப் புதுக்கூரை மூடியிருக்கிறது. உள்ளே வருகிறவர்களுக்கு வழிகாட்டி டார்ச் அடித்துக் காட்டுகிறார், இங்கிகெர்த்தின் பெயரை.