'லாம்' விகுதியும் கடல்வழி ஆங்கிலமும்: ஒரு மறுவாசிப்பு

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001 நவம்பரில் ஏற்ற எஸ்.எம்.சி.பி. எனும் கடல்சார் தகவல்தொடர்புத் தொடர்த்தொகுப்பை, ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கான சுருக்க மொழியாகக் காணும் ஆய்வுப் போக்கு ஒன்று உண்டு. அப்போக்கினர் பெரிதும் நம்புவது, தொகுப்பின் பொதுப்பகுதியில் இருபொருட் சொற்களைப் பற்றி வரும் சிறு பத்தியை. 'மே', 'மைட்', 'ஷுட்', 'குட்' ஆகியவற்றையும், பொருள் தெளிவில்லாத இடத்தில் 'கேன்' என்பதையும் தவிர்க்கச் சொல்கிறது அது. கடினமான துணைவினைகளைக் களைந்து மொழியை எளிதாக்கியிருக்கிறார்கள் என்பது அவர்கள் முடிவு. பத்தியின் எடுத்துக்காட்டுகள் அதற்கு இடம் தரவில்லை.

எந்தச் சொல்லும் அங்கே வெறுமனே நீக்கப்படவில்லை. தடத்தில் நுழையக்கூடும் என்ற பொருளில் 'மைட்' வந்த இடத்தில், முதலில் 'இன்டென்ஷன்', அதாவது செய்தியின் நோக்கத்தை முன்கூட்டி அறிவிக்கும் எட்டுக் குறிச்சொற்களில் ஒன்று. அடுத்து, நுழைவேன் என்ற உறுதி. 'ஷுட்' போன இடத்தில் 'அட்வைஸ்'. அடுத்து நேரடி ஏவல். ஆபத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கலாம் என்ற 'குட்' வாக்கியத்துக்கு 'வார்னிங்'. அடுத்து, போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்ற நிகழ்கால உண்மை. வினைக்குள் மறைந்திருந்த நோக்கம் பெயர் பெற்று வாக்கியத்தின் தலைக்கு வந்துவிட்டது. இதை எளிமையாக்கல் என்பதைவிட இடமாற்றம் என்பதே பொருந்தும். ஐயம் அழிந்து பொய்யான உறுதி வந்துவிடாதா என்று கேட்கலாம். வராது, எச்சரிக்கை என்று சொன்ன பிறகு சொல்லப்படுவதை எவரும் உறுதிமொழியாகக் கேட்பதில்லை.

கப்பற்பணி பயிலும் தமிழ் மாணவருக்கு இந்த இடமாற்றம் எளிதன்று. 'நுழையலாம்' என்பது அனுமதி, யோசனை, வாய்ப்பு, 'நுழையலாம் என்றிருக்கிறேன்' எனும்போது எண்ணமும்கூட. இத்தனையையும் ஒரே விகுதி சுமக்கிறது, அதுவும் சொல்லின் கடைசியில். தமிழில் இறுதியில் தெளிவதை எஸ்.எம்.சி.பி. முதலிலேயே கேட்கிறது. 'மே' சொல்லாதே என்று மட்டும் கற்பித்தால், மாணவர் 'கேன்' என்பார். அதையும் தடுத்தால் வாயடைத்து நிற்பார். அவருக்குத் தெரியாதது சொல்லன்று என்றே எண்ணுகிறேன். பேசத் தொடங்குமுன் நோக்கத்தைப் பிரித்தெடுக்கும் பழக்கம்தான் இல்லை.

குறிச்சொற்களைப் பயன்படுத்துவதும் விடுவதும் அலுவலரின் விருப்பம் என்று தொகுப்பே சொல்கிறதே என்பர். அந்த விருப்பம் நிலைமையை எடைபோடத் தெரிந்தவருக்கு உரியது, பயில்பவருக்கு அன்று. அனுபவமுள்ள கேப்டன்கள் வி.எச்.எஃப். வானொலியில் இவற்றைச் சொல்வதில்லை என்ற வாதமும் பயிற்சிக்கு அளவுகோலாகாது. கப்பலின் உணவறைப் பேச்சுக்கும் நோக்கத்தை முதலில் சொல்லும் இம்முறை பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அங்கே மாணவருக்கு வேண்டிய ஆங்கிலம் வேறு.

ஆனால் வானொலிப் பேச்சைப் பொறுத்தவரை பாடவரிசை மாறியே ஆகவேண்டும். முன்னுரைபோல் தாண்டப்படும் அந்தப் பொதுப்பகுதி முதல் வாரத்துக்கு வரவேண்டும், தமிழ் வாக்கியங்களோடு. 'நுழையலாம்' என்று கரும்பலகையில் எழுதி, இன்னார் இன்னாரிடம் சொல்கிறார் என்று சூழலை மாற்றி மாற்றித் தந்து, ஒவ்வொரு முறையும் எட்டுக் குறிச்சொற்களில் இது எது என்று கேட்க வேண்டும். விடை ஒற்றைச் சொல்லாக வரட்டும். ஆங்கில வாக்கியம் அடுத்த வாரம்.