மணவூர்ப் பாதையும் திடீர்த் தலைவலி மருத்துவமும்

திடீர்க் கடுந்தலைவலியுடன் நினைவு தடுமாறுதல் மூளையுறைக் குருதிக்கசிவின் அறிகுறியாகலாம். இத்தகைய நோயாளியைக் காப்பதில் பாதை முந்தியது, மருத்துவம் பிந்தியது. திருத்தணி வட்டாரத்து மணவூர் இதற்குச் சான்றாகும்.

சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையிலுள்ள இவ்வூர் வழியே 1856இல் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. ஆயினும் மண்டையோட்டினுள் நிகழ்வதை அறியும் கருவி அன்று எங்கும் இல்லை. குயின்கெ 1891இல் முதுகுத்தண்டு நீரெடுப்பையும், எகாஸ் மோனிஸ் 1927இல் மூளைக் குருதிக்குழாய்ப் படத்தையும் அறிமுகப்படுத்தினர். மணவூருக்கு மேற்கே வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949இலும், கிழக்கே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி 1950இலும் நரம்பியல் அறுவை மருத்துவத்தைத் தொடங்கினர். இலண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. படம் எடுக்கப்பட்டது 1971இல். நினைவுநிலையை எண்ணால் அளக்கும் கிளாஸ்கோ அளவுகோல் வந்தது 1974இல்.

மூச்சு, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, நினைவுநிலை ஆகியவற்றை நோக்கியபின் சி.டி. படம் எடுப்பதும், அதில் கசிவு தென்படாது ஐயம் நீடித்தால் முதுகுத்தண்டு நீரை ஆராய்வதும் இன்றைய முறை. நேரம் செல்லச் செல்லக் கசிந்த குருதி படத்தில் மங்கும். ஆகவே தாமதம் உயிருக்கு மட்டுமன்றி நோய்ச் சான்றுக்கும் ஊறாகிறது. 2008இல் தமிழகத்தில் 108 ஊர்தி வந்தபின் பயணத் தாமதம் குறைந்தது. ‘வெறும் தலைவலி’ என வீட்டில் காத்திருக்கும் தாமதமே இவ்வரலாற்றில் எஞ்சி நிற்கிறது.