மாண்பின் இரு முகங்கள்: பன்னாட்டு மனித உரிமைச் சட்டமும் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடமும்

ஆய்வுச் சுருக்கம்

பன்னாட்டு மனித உரிமைச் சட்டத்தில் ‘மனித மாண்பு’ இரு பொருள்களில் ஆளப்பெறுகிறது. உணவு, உறைவிடம், பணிச்சூழல் ஆகியவற்றின் தகுதி ஒன்று. தம்மைப் பற்றிய முடிவுகளில் பங்குகொள்ளும் உரிமை மற்றொன்று. தொழில் வழித்தடத்தில் 2021, 2024ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த இரு போராட்டங்களை முன்வைத்து, முதற்பொருளுக்குக் கிடைத்த ஏற்பு இரண்டாம் பொருளுக்கு எளிதில் கிடைக்கவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மனித மாண்பு, தொழிற்சங்க உரிமை, பன்னாட்டுச் சட்டம், திருப்பெரும்புதூர்.

முன்னுரை

தண்டலம் வழியாகச் செல்லும் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில், பணிமுறை மாறும் வேளைகளில் தொழிலாளர் பேருந்துகள் வரிசையாகச் செல்வதைக் காணலாம். அவற்றில் பயணம் செய்வோருள் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கிப் பணிபுரியும் இளம்பெண்கள் பலர். இவர்களுடைய வாழ்க்கைக்கும் 1948இல் பாரிசில் ஏற்கப்பெற்ற ஆவணத்திற்கும் உள்ள தொடர்பே இங்கு ஆராயப்படுகிறது.

சட்டத்தில் மாண்பு

1944 மே 10 அன்று ஏற்கப்பெற்ற பிலடெல்பியா பிரகடனத்தில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, உழைப்பு விற்பனைச் சரக்கன்று என வலியுறுத்தியது. மாந்தர் அனைவரும் சுதந்திரத்தோடும் மாண்போடும் தம் நலத்தை நாடும் உரிமையுடையோர் என்றது. 1948 டிசம்பர் 10 அன்று ஏற்கப்பெற்ற உலகளாவிய மனித உரிமைகள் பிரகடனத்தின் முதல் உறுப்பு, அனைவரும் மாண்பிலும் உரிமையிலும் சமமாகப் பிறந்தவர்கள் என்கிறது. ஆண்களை மட்டும் குறிக்கக்கூடிய சொல்லை மாற்றி, மாந்தர் அனைவரையும் குறிக்கும் சொல் அவ்வுறுப்பில் இடம்பெறச் செய்தவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா.

நம் ஆய்வுக்கு முதன்மையானது 23ஆம் உறுப்பு. அதன் மூன்றாம் பிரிவு மாண்புக்கேற்ற வாழ்வைத் தரும் ஊதியத்தையும், நான்காம் பிரிவு தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையையும் கூறுகின்றன. அடுத்தடுத்து நிற்கும் இவ்விரண்டும் இந்தியச் சட்டத்தில் வெவ்வேறு வழிகளில் சென்றன.

வாழ்வுரிமை என்பது மாண்போடு வாழும் உரிமை எனப் பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கில் (1981) உச்ச நீதிமன்றம் கூறியது. பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் (1984) மாந்தநேயமிக்க பணிச்சூழலும் அதனுள் அடங்கியது. ஆனால், சங்கம் அமைக்கும் அடிப்படை உரிமை கூட்டுப்பேரத்தையும் வேலைநிறுத்தத்தையும் உள்ளடக்காது என 1961இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் 1979இல் இணைந்தபோது, தொழிற்சங்க உரிமை பற்றிய அதன் 8ஆம் உறுப்பைத் தன் அரசமைப்பின் 19ஆம் உறுப்புக்கு இயையவே செயற்படுத்துவதாக இந்தியா அறிவித்தது. சங்கச் சுதந்திரம், கூட்டுப்பேரம் பற்றிய 87, 98ஆம் பன்னாட்டுத் தொழிலாளர் ஒப்பந்தங்களை இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை.

2021: உணவும் உறைவிடமும்

2021 டிசம்பரில் பாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியொன்றில் உணவு நஞ்சானதால் 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சக தொழிலாளர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் ஈடுபட்டனர். ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரநிலைக்கு ஏற்றவையாக இல்லை என ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2022 சனவரியில் ஆலை மீண்டும் இயங்கியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் 18,720 படுக்கைகள் கொண்ட மகளிர் விடுதி திறக்கப்பட்டது. மாண்பின் முதற்பொருளை நிறுவனங்களும் அரசும் ஏற்றதற்கு இக்கட்டடம் சான்றாகும்.

2024: பெயரும் குரலும்

விடுதி திறந்த சில வாரங்களில், செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். வட்டாரத்தின் ஒத்த தொழிலாளரைவிடத் தன் தொழிலாளர் கூடுதல் ஊதியம் பெறுவதாக நிறுவனம் கூறியது. ஊதிய உயர்வும் கேட்கப்பட்டது. ஆயினும் மையக் கோரிக்கை சங்கத்திற்கான ஏற்பாக இருந்தது. சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இடம்பெறுவதும் மறுப்புக்குரியதாயிற்று. ஒரு மாதத்திற்கும் மேலாக நீடித்த வேலைநிறுத்தம் அக்டோபரில் முடிந்தபோதும் சங்கப் பதிவு முடிவாகவில்லை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. 2025 சனவரி 27 அன்று சங்கம் பதிவாயிற்று.

அப்பதிவுக்கு அடிப்படையான 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திற்கும் சென்னையில் வேர் உண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பக்கிங்காம் – கர்னாடிக் ஆலை நிருவாகம் அதன் தலைவர் பி. பி. வாடியா உள்ளிட்டோருக்கு எதிராக நீதிமன்றத் தடையாணை பெற்றது. சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தேவை என்னும் குரல் அதனால் வலுப்பெற்றது.

முடிவுரை

நல்ல உணவையும் படுக்கையையும் நிருவாகம் தானாகவே வழங்க இயலும். தானாகவே திரும்பப் பெறவும் இயலும். அவற்றை நிலையான உரிமையாக்குவது கேட்கும் தகுதியே. 23ஆம் உறுப்பு இரண்டையும் சேர்த்து வைத்ததன் காரணத்தை இவ்வழித்தடத்தின் இரு போராட்டங்கள் விளக்குகின்றன. மாண்பை வாழ்நிலையாக மட்டும் அளக்கும் சட்டம் தொழிலாளரைப் பயனாளியாகக் காண்கிறது. குரலாகவும் ஏற்கும் சட்டமே அவரைச் சமமானவராகக் காண்கிறது. 87, 98ஆம் ஒப்பந்தங்களின் ஏற்புறுதி அந்நோக்கில் இந்தியா எடுக்க வேண்டிய அடுத்த படியாகும்.