வாவியில் மூன்று நாள்



எங்கள் அட்டாளைச்சேனை கடலைப் பார்த்து அமைந்த ஊர். ஆயினும் கடற்பயணத்தாற் பெயர்பெற்ற ஊர் அன்று. அட்டாளை என்பது விளைநிலத்தைக் காப்பதற்குக் கட்டும் உயர்ந்த பரண். சேனை என்பது காடு வெட்டிச் செய்யும் பயிர்நிலம். பெயரைக் கேட்ட மாத்திரத்தே உழவன் கண்முன் நிற்பானேயன்றி மாலுமி நிற்கமாட்டான். அத்தகைய ஊரைச் சேர்ந்த ஒரு பாடசாலை அதிபர் பாய்த்தோணிப் பயணத்தைப் பற்றிப் பேச முன்வருவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். அதற்குக் காரணம் உயர்தர வரலாற்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட வினா. "சேர், கல்லடிப் பாலமும் இல்லை, லொறியும் இல்லை என்றால், சம்மாந்துறை நெல் மட்டக்களப்புக்கு எப்படிப் போனது?"

பாடநூலில் இதற்கு விடை இல்லை. விடை நிலப்படத்தில் இருக்கிறது.

வடக்கே ஏறாவூர்ப் பகுதியிலிருந்து தெற்கே கல்முனை, சம்மாந்துறைப் புறம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடப்பது மட்டக்களப்பு வாவி. வங்கக் கடலுக்கும் இதற்கும் இடையே ஒரு மணற்றிடரே வரம்பு. அம்மணலின்மேல் வரிசையாக ஊர்கள். கிழக்குப் புறத்தை எழுவான்கரை என்றும், மேற்குப் புறத்தைப் படுவான்கரை என்றும் வழங்குவர். பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் வாவிக்கு வாய்கள் உண்டு. மாரி வெள்ளம் பெருகும்போது அவை திறக்கும். கோடையில் மணல் வந்து அடைத்துவிடும். வெளியே கடல் எத்துணைதான் ஆர்ப்பரித்தாலும் உள்ளே அந்த அலை வருவதில்லை. ஆழமும் பெரிதன்று, பல இடங்களிற் கோல் ஊன்றியே தோணியைத் தள்ளிச் செல்லலாம். சிறு தோணிக்கு இதனினும் நல்ல நீர்வழி இலங்கையில் எங்குண்டு என்று கேட்கத் தோன்றுகிறது. எங்கள் பகுதியான் என்ற பற்றினாற் சொல்கிறேன் என்று கொண்டாலும் குற்றமில்லை.

ஊர்ப்பெயர்களைப் பாருங்கள். சம்மாந்துறை என்பது சம்பான்கள் வந்து கட்டிய துறை என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். கடல் இன்று அவ்வூருக்குப் பல கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. ஆனால் வாவியின் தென்கோடி அருகே கிடக்கிறது. துறைநீலாவணையில் துறை இருக்கிறது. கல்முனைக்கு மேற்கே கிட்டங்கி என்றோர் இடம். கிட்டங்கி என்றாற் பண்டகசாலை. அப்பால் வடக்கே சென்றால் ஓந்தாச்சிமடம், குருக்கள்மடம். மடம் என்பது வழிச்செல்வோர் இளைப்பாறும் இடமன்றோ? ஏற்றுவதற்குத் துறை, சேர்த்து வைப்பதற்குக் கிட்டங்கி, தங்குவதற்கு மடம். ஒரு பெருவழிக்கு வேண்டிய யாவும் பெயர்களிலேயே எஞ்சி நிற்கின்றன.

என் மூத்தவாப்பா இளமையில் இவ்வழியே சென்றவர். 1920ஆம் ஆண்டளவில், தம் மாமனாரோடு நெல் மூடை ஏற்றிய தோணியிற் சென்றதை நான் சிறுவனாயிருந்தபோது சொல்லியிருக்கிறார். சிறுபோக வேளாண்மை வெட்டி முடிந்ததும், கச்சான் காற்று விழாதிருக்கும் நாளாகப் பார்த்துப் புறப்படுவார்களாம். கச்சான் தென்மேற்கிலிருந்து வீசுவது. வடக்கே போகும் தோணிக்குப் பின்புறத்துத் துணை. பிற்பகலிற் கடற்காற்று எழுந்தால் பாயைச் சரித்துக் கட்ட வேண்டும். காற்று முற்றாக விழுந்துவிட்டாற் சவள் வலிக்க வேண்டும். இரவில் மணற்றிட்டில் ஒதுங்கி, காய்ந்த கண்டற்சுள்ளி பொறுக்கிச் சோறாக்கி, வாவியிற் பிடித்த இறாலைச் சுட்டு உண்பார்கள். பெரியவர்கள் திட்டில் உறங்குவார்கள். சிறுவர்களைத் தோணியின் நெல் மூடைகளுக்கு மேலேதான் படுக்க வைப்பார்களாம். காரணம் முதலை. வாவியில் முதலை இன்றும் உண்டு. போவதற்கு மூன்று நாள். திரும்பி வருவதற்கு எத்தனை நாள் என்று கேட்டால் மட்டும் அவர் சிரித்துவிட்டு, "அதைக் கச்சானிடம் கேள்" என்பார்.

இனி எழுத்தில் உள்ள வரலாற்றுக்கு வருவோம். 1602ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையை அடைந்தார். கப்பல் கடலில் நின்றது. காரியமோ உள்நாட்டில் இருந்தது. இங்குள்ள ஆட்சியாளரைக் கண்ட பின்னர்க் கண்டிக்குச் சென்று விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்தார். 1626இல், போர்த்துக்கேயரால் மேற்குக் கரையிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களைச் செனரத் மன்னன் கிழக்கே குடியேற்றினான் என்பது வரலாற்றாசிரியர் கூற்று. அவர்கட்கு முன்னரும் இங்கே முஸ்லிம்கள் வாழ்ந்தனர் என்பதை மறக்கலாகாது. 1628இற் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது எங்கே? கடற்கரையில் அன்று, வாவியின் நடுவே, புளியந்தீவில். 1638இல் ஒல்லாந்தர் அதனைப் பிடித்தனர். வாவியை ஆள்பவனே நாட்டை ஆள்வான் என்பதை இரு சாராரும் அறிந்திருந்தனர் போலும்.

1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனென்ற் இங்கு வந்தார். நிலவு எழுந்த பின் மீனவரோடு தோணியிற் சென்று, நீரின் அடியிலிருந்து எழும் இன்னொலியைக் கேட்டுத் தம் நூலில் எழுதி வைத்தார். உலகம் அதனை மீன் பாடுவதாகக் கொண்டாடுகிறது. அவரை அழைத்துச் சென்ற மீனவரோ, பாடுவது ஊரி என்று கூறினராம். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஓர் இயேசு சபைத் துறவி அவ்வொலியைப் பதிவுசெய்ய, அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. தோணியில் அமைதியாக இருப்பவனுக்கே அது கேட்கும். இயந்திரம் பூட்டிய படகில் விரைபவனுக்குக் கேட்பது இயந்திரம் ஒன்றுதான்.

1924இல் கல்லடிப் பாலம் திறக்கப்பட்டது. 1928இற் புகையிரதம் மட்டக்களப்புக்கு வந்தது. லொறிகள் பெருகின. நெல் தெருவுக்கு ஏறியது. தோணி மீன்பிடிக்கும் துறை கடப்பதற்கும் என்று ஒடுங்கியது. பின்னர் வந்த போர்க்காலத்தில் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடைப்பட்ட நீர் ஓர் எல்லைக்கோடாயிற்று. இரவில் வாவியிற் செல்வது உயிருக்கு உலை வைக்கும் செயலாயிற்று. 2007இல் அந்நிலை மாறியபோது, வாவியை நெடுக அறிந்த தலைமுறை முதுமை எய்தியிருந்தது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே துறையில் மூடை ஏற்றியதைக் கண்ணாற் கண்டவர் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர்.

நாம் கைவிட்டதை மேல்நாட்டார் விரும்பிச் செய்கின்றனர். 1874ஆம் ஆண்டில் நத்தானியேல் பிஷப் என்ற அமெரிக்கர் கனடாவின் கியூபெக்கிலிருந்து புறப்பட்டார். வழியிற் காகிதத்தாற் செய்த 58 இறாத்தல் எடையுள்ள சிறு ஓடம் ஒன்றுக்கு மாறி, கரையோர நீர்நிலைகளின் வழியே மெக்சிக்கோ வளைகுடா வரை சென்றார். 2001 முதல் புளோரிடாவில் ஏறத்தாழ 300 மைல் தொலைவை எட்டு நாளுக்குள் கடக்கும் அறைகூவல் ஒன்று நடக்கிறது. ஓடத்தைக் கடற்கரை மணலிலிருந்து பிறர் உதவியின்றித் தாமே நீரில் தள்ள வேண்டும் என்பது அதன் முதல் விதி. ரெக்சாசில், எங்கள் வாவியைப் போலவே மணற்றிடர் மறைத்த நீண்ட கடனீரேரியில், 2008 முதல் சிறு பாய்ப்படகுகள் ஐந்து நாள் செல்கின்றன. இரவில் மணலிற் கூடாரம். பரிசு ஏதும் கிடையாது. மூத்தவாப்பா கேட்டிருந்தால், நெல்லும் இல்லாமல் எதற்குப் போகிறார்கள் என்று வினவியிருப்பார். ஒதுக்கமான நீர் என்று எளிதாகவும் எண்ணலாகாது. 2015இற் புளோரிடாப் பயணம் புறப்பட்ட முதல் நாளே காற்று மிக, கரையோரக் காவற்படை பலரை மீட்டுப் பயணத்தை நிறுத்தவேண்டியதாயிற்று.

என் மாணவன் கேட்ட வினாவுக்கு வாவியிலேயே விடை காண்பது என்று தீர்மானித்தோம். கிட்டங்கியிலிருந்து புளியந்தீவு வரை மூன்று நாள், இரண்டு தோணி, சீலைப் பாய், ஒவ்வொருவருக்கும் மிதப்பு அங்கி, வழிகாட்ட எழுபது வயது கடந்த ஒரு மீனவர். எழுத்து அனுமதிகள் பல வேண்டியிருந்தன. அந்தக் கதையை விட்டுவிடுகிறேன். பெற்றோர் ஒப்புதலே பெரிதாயிருந்தது. அவ்வினாவைக் கேட்ட மாணவனின் தாயார் என் அறைக்கு வந்தார். 2004இன் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். அவருடைய மூத்த பிள்ளை அவ்வுயிர்களுள் ஒன்று.

"சேர், தண்ணிக்கு ஒரு பிள்ளையைக் குடுத்திட்டன். மற்றவனையும் கேக்கிறீங்களா?" என்றார்.

வாவி வேறு, கடல் வேறு என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. நிலப்படத்தைக் காட்டி ஒரு தாயைத் தேற்ற முடியாது. மாணவனையும் நான் வற்புறுத்தவில்லை. அவன் எழுவான்கரைத் தெருவழியே ஓர் ஆசிரியருடன் வந்து, ஒவ்வொரு தங்குமிடத்திலும் எங்களைச் சந்தித்து, முதிய மீனவர் சொல்லச் சொல்லத் துறைகளினதும் மணற்றிட்டுகளினதும் பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதினான்.

முதல் நாள் கச்சான் நன்றாக வீசிற்று. இரண்டாம் நாள் காற்று அறவே இல்லை. மாணவர்களின் உள்ளங்கை கொப்பளித்தது. பாலத்தின் நிழல் நீரில் விழுவதைக் கண்டபோது மூன்றாம் நாள் அசர் நேரமாகிவிட்டது. வினாவுக்கு விடை கிடைத்தது என்றே கொள்ளலாம். மூத்தவாப்பா சொன்ன மூன்று நாள் மிகையன்று. மூடை ஏற்றாத எங்களுக்கே அத்தனை நாள் பிடித்தது.

குறிப்பேட்டில் இருபத்திரண்டு பெயர்கள் சேர்ந்திருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை எந்த நிலப்படத்திலும் இல்லாதவை. ஒரு கிழமை கழித்து அத்தாயார் மீண்டும் பாடசாலைக்கு வந்தார். மகன் வீட்டில் உரத்து வாசித்ததைக் கேட்டாராம். தம்முடைய வாப்பா வாவியில் வலை வீசியவர் என்பதை அன்றுதான் எனக்குச் சொன்னார். "மண்டூருக்கு இப்பால ஒரு திட்டு இருக்கு சேர், அதை விட்டிட்டீங்க," என்று கூறி, இருபத்து மூன்றாவது பெயரை மகன் எழுதும் வரை நின்றுவிட்டுப் போனார்.